பூட்டாத நட்டு

சின்னமனூர் ஒர்க்‌ஷாப் வாசலில், டயர் ஏறி நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் வாசம் இன்னும் அடங்கவில்லை. ராகு காலத்துக்கு முன்னாடி கிளம்பணும் என்று கருத்தக்கண்ணன் பறக்க, அவருடைய பழைய அம்பாசிடரை ஜாக்கியிலிருந்து அவசரமாக இறக்கி அனுப்பியது திலீபன்தான். புது ஸ்டியரிங் ராடு மாட்டிய அவன் கை, இப்போது கிரீஸோடு கருவித் தட்டின் மேல் அப்படியே நிற்கிறது. அந்த ராடின் நட்டு கழன்றுவிடாமல் பூட்டுகிற ஸ்பிளிட் பின், கால் இரண்டும் விரியாமல் தட்டில் கிடக்கிறது. கருத்தக்கண்ணனுக்கு மூன்றாவது தடவை போன் அடித்ததும் அவர் மனைவி பஞ்சம்மாள் எடுக்கிறாள்.

"அக்கா, வண்டிய அங்கனயே நிப்பாட்டச் சொல்லுங்க!"

காற்று இரைகிறது. அவள் சிரிக்கிறாள்.

"ஒண்ணும் கேக்கல தம்பி, மேகமலை ஏறிக்கிட்டிருக்கோம். ஸ்டியரிங் பூ மாதிரி திரும்புதாம், ஒங்கிட்டச் சொல்லச் சொன்னாக."

லைன் அறுந்துபோகிறது.