ஊருக்கொரு பெயர்

ஐரோப்பிய மொழிகளில் எழுத்துகளின் உச்சியில் உட்கார்ந்து பிழைக்கிற, V போல விரிந்த இரண்டு கோட்டுக் குறி அவள். லித்துவேனியாவில் வந்து இறங்கியதும், நாட்டுக்கு நாடு மாறுகிற தன் பெயரைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ஒரே பயம். எந்த எழுத்தின் தலையிலும் இடம் கிடைக்காவிட்டால், காகிதத்தில் விழுந்த கீறல் என்று அழித்துவிடுவார்களே.

"பேரென்னம்மா?" என்றாள் வளைந்த முதுகுக்காரியான எஸ் எழுத்து.

"செக் நாட்டுல கொக்கின்னு சொல்வாங்க, அக்கா."

"ஏன், என் தலையில சட்டை மாட்டப் போறியா?"

"ஸ்லோவேனியாவுல சின்னக் கூரை..."

"நான் மழையில நனையறேன்னு உன்கிட்டச் சொன்னேனா?" எஸ் சிரித்துவிட்டாள். "இங்க உன்னைக் குட்டிப் பறவைன்னு கூப்பிடுவோம். வா, வந்து உட்காரு."

குறிக்கு நெஞ்சு ஆறியது. ஆனாலும் பறவையென்றால் எப்போது வேண்டுமானாலும் விரட்டலாமே. சட்டென்று கிளம்பத் தோதாக, அக்காவின் தலையில் படாமல் ஒரு மயிரிழை மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.