எங்கிருந்து வந்தது

கண்மணி மூன்று மிடறுக்கு மேல் தேநீர் குடிக்கவில்லை.

சிறுநீரகம் பழுதான பிறகு தண்ணீர்கூட அவளுக்கு அளவுதான். கோப்பையை மகள் தாரணி பக்கம் நகர்த்திவிட்டு, தேக்கா சந்தையின் காலைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையிலிருந்து நேராக இங்கே வந்திருந்தார்கள். டாக்சியில் வழி முழுக்க அம்மா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

இத்தனைக்கும் டாக்டர் சுரேந்தர் சொன்னது நல்ல செய்திதான். தாரணியின் சிறுநீரகத்தை அம்மாவுக்கு வைக்கலாம். இரத்த வகை ஒன்றுதான். ஒரே ஒரு சங்கடம், தாரணியின் உடம்பில் ஒரு வைரஸ் அடங்கிக் கிடக்கிறது. கண்மணியிடம் அது இல்லை. சிறுநீரகத்தோடு சேர்ந்து அதுவும் வரும். ஆறு மாதம் மாத்திரை போட்டுக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

கையெழுத்துப் போட வந்த கண்மணி, யோசித்துச் சொல்கிறேன் என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மூன்று வருடமாக டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். மகளை வெட்டி நான் வாழணுமா என்று ஏற்கெனவே இரண்டு முறை மறுத்தவள். இப்போது இதைக் காரணம் காட்டி மூன்றாவது முறையும் மறுத்துவிடுவாளோ என்று தாரணிக்குப் பயமாக இருந்தது.

பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்க ஆரம்பித்தாள். விளக்க அவளைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பதினோரு வருடமாக ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை செய்வதே அந்த வைரஸில்தான். அதிலும் அதன் ஒரே ஒரு மரபணுவில்.

அந்த மரபணு வைரஸுடையதே இல்லை என்றாள். மனிதர்கள் தோன்றும் முன்பே, நம் முன்னோடியான ஏதோ ஓர் உயிரின் உடம்பிலிருந்து அதை எடுத்துக்கொண்டது. சண்டை போதும், அமைதியாக இருங்கள் என்று நம் உடம்பு தன் காவல் அணுக்களுக்குச் சொல்ல ஒரு புரதம் வைத்திருக்கிறது. அதைச் செய்யும் மரபணு அது. வைரஸும் அதே புரதத்தைச் செய்து, அதே கட்டளையைச் சொல்கிறது. சொல்வது உடம்புதான் என்று நினைத்துக் காவல் அணுக்கள் அடங்கிப் போகின்றன. அது பாட்டுக்கு ஆயுள் முழுக்க உள்ளேயே தங்கிவிடுகிறது.

நம்ம பேச்சையே நம்மகிட்ட பேசி ஏமாத்துதா என்று கண்மணி கேட்டாள். தாரணி சிரித்தபடி ஆமாம் என்றாள். அம்மா சிரிக்கவில்லை.

"உனக்கு அது எங்கேருந்து வந்துச்சு?"

தாரணி கோப்பையை எடுத்து ஆறிப்போன தேநீரைக் குடித்தாள்.

"நர்சரியில ஒட்டியிருக்கும்மா. சின்னப் பிள்ளைங்க எச்சில்ல ஈசியா பரவும்லா."

அப்படியும் வரலாம். முழுப் பொய்யில்லை. ஆனால் பலருக்கும் அது முதலில் எதன் வழியாக வருகிறது என்பதை அவள் சொல்லவில்லை.

அவளுக்குப் பத்தொன்பது வயதிலேயே தெரியும். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம், செய்முறை வகுப்பில் விரல் நுனியைக் குத்தித் தன் இரத்த வகையைப் பார்த்தாள். ஓ. அப்பா அடிக்கடி இரத்ததானம் செய்பவர். அவருடைய அட்டையில் ஏபி என்று இருந்தது. ஏபி தகப்பனுக்கு ஓ பிள்ளை பிறக்காது. மூன்று முறை சோதித்துப் பார்த்தாள். மூன்று முறையும் ஓ. அம்மா கர்ப்பமாக இருந்த ஒரு படம்கூட வீட்டில் இல்லாதது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

வீட்டில் கேட்கவில்லை. கேட்டால் அம்மாவுக்கு வலிக்கும் என்று பதினேழு வருடம் கேட்கவில்லை. அப்பா இறந்த பிறகும் கேட்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் இரத்தத்தில் அந்த வைரஸின் தடயத்தைக் கண்டபோது, பெரியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இருப்பதுதானே என்று கூட வேலை செய்தவர்கள் விட்டுவிட்டார்கள். தாரணி மட்டும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் நின்றாள். யாரோ ஒருத்தி தன்னை மார்போடு அணைத்திருக்கலாம். அணைக்காமலே விட்டுப் போயுமிருக்கலாம். எந்தச் சோதனையிலும் அது தெரியாது. மற்றவர்கள் வேறு வேறு ஆய்வுகளுக்கு மாறிப் போனபோதும் அவள் மட்டும் ஏன் அதே வைரஸோடு இருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது.

"நர்சரியில இல்ல," என்றாள் கண்மணி.

தாரணி நிமிர்ந்தாள்.

"நீ ரத்தம் குடுக்கப் போயிருந்தப்ப டாக்டர்கிட்ட கேட்டேன். நிறையப் பேருக்குத் தாய்ப்பால்லதான் வரும்னாரு. நான் உனக்குப் பால் குடுக்கலையே. எனக்கு ஏது பால்."

மேசை மேலிருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது அம்மாவின் கை.

"நாப்பது நாள் உன்னப் பெத்தவதான் குடுத்தா. ஜாலான் புசார்ல ஒரு கடை மாடியில ரூம். நான் தினமும் போயி, பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பேன். கடைசி நாள் ரொம்ப நேரம் குடுத்தா. நீ தூங்குனப்புறமும் எடுக்கலை. அப்புறம்தான் என் மடியில வச்சா."

தனக்கு முன்பே தெரியும் என்று சொல்லத் தாரணி நினைத்தாள். அது இப்போது முக்கியமாகப் படவில்லை.

டாக்டருக்கு போன் போடு, கையெழுத்துப் போடுறேன் என்றாள் கண்மணி. அவ குடுத்தது எனக்கும் வரட்டும் என்றாள்.

"அவங்க பேரு என்னம்மா?"

கண்மணி சொன்னாள்.

சுற்றிலும் சத்தம். சரியாகத்தான் கேட்டது. ஆனாலும் தாரணி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.