நாலாவது செக்கன்

“கோபிசனை மாத்தப் போறியளாம். உண்மையோ தம்பி?”

பயிற்சி முடிந்து மைதானத்தில் கிடந்த கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த விஜிதரன் நிமிர்ந்து பார்த்தான். வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து ஓடிவந்த கோலத்தில் ஒரு பெண் நின்றாள். கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையில் சந்திரமதி என்றிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

“ஆர் சொன்னது, அன்ரி?”

“வீட்டில கதை அடிபட்டுது. இந்தாங்கோ, ரோல்ஸ். வெறுங்கையோட வரக் கூடாதெண்டு கொண்டுவந்தனான்.”

விஜிதரன் சுவிஸில், பெர்னில் பிறந்து வளர்ந்தவன்தான். ஆனாலும் தமிழ்த் தாய் ஒருத்தி ரோல்ஸோடு வந்தால், பின்னால் ஒரு விண்ணப்பம் வருகிறது என்பது தெரியாதவனா? பள்ளி நாட்களில் அவனுடைய வகுப்பாசிரியைக்கு அவன் அம்மாவும் இதையேதான் கொண்டுபோய்க் கொடுத்தார். இந்த வருடம்தான் ஓஸ்டர்முண்டிகன் கழகத்துக்கு அவன் பயிற்சியாளராக வந்தவன், பிள்ளைகளின் பெற்றோரோடு இன்னும் பழக்கமில்லை. என்றாலும் வந்திருப்பது யாரென்று ஊகிக்க அவனுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்றால் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் குவாட்டர்பேக். அந்த இடத்துக்கு யார், கோபிசனா சாயிசனா என்று இன்றைக்கே பெயர் கொடுக்க வேண்டும்.

“கோபிசன் தங்கமான பிள்ளை, அன்ரி. ஆனா என்ர திட்டத்துக்குச் சரிவர மாட்டான். நான் விளையாட்டுறது தூரப் பந்து. நாப்பது மீட்டர் எறிய வேணும். அவன் எறிஞ்சால் பத்து மீட்டரிலயே பந்துக்குக் களைச்சுப்போகுது.”

“மற்றப் பிள்ளை?”

“சாயிசனோ? அவன்ர கை கையில்லை, கவண்.”

சந்திரமதி பக்கத்து வாங்கில் உட்கார்ந்துகொண்டாள். இப்போதைக்கு எழும்புகிற எண்ணம் இல்லை என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

“திட்டத்தை மாத்தேலாதோ?”

“எண்பது பக்கம், அன்ரி. ஜெர்மனியில ரெண்டு வருசம் இருந்து படிச்சு எழுதினது.”

“வீட்டில கிடக்கிற மரக்கறியைப் பாத்துத்தானே கறி வைக்கிறம். கறிக்கு முதலே பேரை எழுதி வைச்சிட்டு, பிறகு மரக்கறியைக் குறை சொல்லலாமோ?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அதை ரோல்ஸைக் கடித்து மறைத்தான்.

அவள் கைப்பையிலிருந்து வேலை அட்டவணைத் தாள் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் முழுக்க இலக்கங்கள்.

“ஏழு மட்ச் பாத்தனான். கோபிசன் பந்து கைக்கு வந்து ரெண்டு செக்கனில விட்டிடுவான். கிட்டத்தான் எறிவான், ஆனா பத்துக்கு எட்டை உங்கட பெடியள் பிடிச்சிடுவினம். சாயிசனைக் கடைசி ரெண்டு மட்சிலயும் கொஞ்ச நேரம் விட்டனீங்கள். தூரத்துக்கு ஆள் ஓடிப்போய்ச் சேருமட்டும் அவன் பந்தை வைச்சுக்கொண்டு நிக்க வேணும். நாலு செக்கன். உங்கட முன்வரிசை எதிராளியளை எவ்வளவு நேரம் மறிக்குது?”

விஜிதரன் கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினான். முன்வரிசையில் நிற்கிற ஐந்து பேரில் ஒருவன் தபால்காரன், இன்னொருவன் போன மாதம்தான் விளையாட்டுக்கே வந்தவன்.

“மூண்டு செக்கன்” என்று அவளே சொன்னாள். “போனில வைச்சு எண்ணினனான். அதுக்குப் பிறகு நூறு கிலோவில ரெண்டு பேர் மேல வந்து விழுவினம். பந்தும் போகும், மட்சும் போகும்.”

“இதெல்லாம் ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?”

“நான் துப்புரவு செய்யிற வார்டில ஒரு சுவிஸ் பெடியன், காலுக்குக் கட்டுப் போட்டு ஆறு கிழமை கிடந்தவன். அவனும் பந்து எறியிற ஆள்தானாம். நிலம் துடைக்கேக்க ஒவ்வொண்டாக் கேட்டுப் படிச்சனான்.”

இப்படி ஒரு தாயை விஜிதரன் கண்டதில்லை. கழகத்துக்கு உதவிப் பயிற்சியாளராகவே வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் சும்மா விட மனமில்லை.

“உண்மையைச் சொல்லுங்கோ அன்ரி. எல்லாத் தாய்மாருக்கும் தங்கட பிள்ளைதானே பெரிசு?”

“அதில பொய்யில்லை, தம்பி” என்றாள் அவள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

விஜிதரன் பையிலிருந்த திட்டக் கோப்பை எடுத்துத் திறந்தான். தூரப் பந்துப் பக்கங்களை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே போனான். நாற்பதாவது பக்கம் தாண்டியபோது நெஞ்சு வலித்தது, பிறகு பழகிவிட்டது. மிச்சமிருந்த பக்கங்கள் கோபிசனுக்கென்றே எழுதியவை போல இருந்தன.

“சரி, அன்ரி. சனிக்கிழமை கோபிசன்தான். கிட்டக் கிட்ட எறிஞ்சே வெல்லப் பாப்பம்.”

சந்திரமதி ஜாக்கெட் கையால் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்க்காத மாதிரி அவன் கடைசி ரோல்ஸை எடுத்துக் கடித்தான்.

“கோபிசனுக்கு நீங்களே சொல்லுங்கோ, சந்தோசப்படுவான். சாயிசனை நினைக்கத்தான் எனக்குக் கவலை. நல்லா ஆசையோட இருந்தவன்.”

“கோபிசனுக்கு நீங்கள் சொல்லுங்கோ, தம்பி. எனக்கு அந்தப் பிள்ளையோட அவ்வளவு பழக்கமில்லை” என்று வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள் சந்திரமதி. “சாயிசனுக்கு நான் வீட்ட போய்ச் சொல்லுறன். ரெண்டு கிழமைக்கு முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிவான், திரியட்டும். நாலாவது செக்கனில அடியில கிடக்கப்போறது என்ர பிள்ளையெல்லோ.”