சாதாரணக் கட்டி

சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும், கண்டக்டரம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இவருமா?

ஒரு மாதமாக வீட்டில் எல்லோரும் பாடிய அதே பாட்டு. கணையத்தில் கட்டி இருக்கிறது, புற்றுநோயாக இருக்கலாம் என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னதை, புருஷனும் மகனும் கூடிப் பேசி அவரிடம் மறைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரியலாம், பால் போடுகிறவனுக்குத் தெரியலாம். சாகப் போகிறவளுக்கு மட்டும் தெரியக் கூடாதாம்.

மீசை முளைத்த பையனை மடியில் வைத்துக்கொண்டு அரை டிக்கெட் கேட்கிறவர்களோடு பாதி ஆயுளை ஓட்டியவர் அவர். யாரிடம் காட்டுகிறார்கள் வித்தையை?

குடித்த டம்ளரை நகர்த்திக்கூட வைக்காத புருஷன் பாத்திரம் கழுவினார். மகன் எதிர்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டான்.

எல்லாவற்றுக்கும் மேலே நாத்தனார். எந்தக் காலத்திலோ இரவல் கொடுத்த தையல் மெஷினை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திருப்பிக் கேட்கிறவள். இந்த ஒரு மாதமாக அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டாள். அன்றுதான் கண்டக்டரம்மா தன் கதை முடிந்தது என்று தீர்மானித்தார்.

ஆபரேஷனும் ஆயிற்று. இப்போது டாக்டர் விளக்கிக்கொண்டே போனார். எடுத்த கட்டியைச் சோதித்துப் பார்த்தார்களாம். புற்று இல்லையாம். நரம்பின் மேல் இருக்கும் உறையில் வளர்ந்த கட்டியாம். கழுத்தில் வரும், கை காலில் வரும், கணையத்தில் வருவது அபூர்வமாம். அவருடைய அனுபவத்தில் இதுதான் முதல் தடவையாம்.

அபூர்வமாமே! கேட்கிறவள் கேனையாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும். பொய்க்கும் ஓர் அளவு வேண்டாமா?

புருஷன் வேறு சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அதை ஓரக்கண்ணால் பார்த்ததும் கண்டக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாகுறவகிட்டயாவது உண்மையச் சொல்லுங்கய்யா."

டாக்டர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். மகன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். கண்டக்டரம்மா திரும்பவே இல்லை. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அப்போது நாத்தனார் கையில் ஃபிளாஸ்க்கோடு வந்தாள். புருஷன் அவளை வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொல்வது கேட்டது. அவள் திரும்பத் திரும்ப ஏதோ கேட்டாள். அவரும் திரும்பத் திரும்ப ஆமாம் என்றார்.

நேரே கட்டிலுக்கு வந்தாள். ஃபிளாஸ்க்கை ணங்கென்று மேஜையில் வைத்தாள். காலைத் தொடவில்லை.

"அப்ப என் தையல் மெஷினை எப்பத்தான் தரப் போறீங்க, அண்ணி?"

கண்டக்டரம்மா திரும்பி அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். பழைய கடுகடுப்பு, அப்படியே இருந்தது.

தர முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அழுகை முந்திக்கொண்டது.