பத்து இடம்

தென்கொரியாவின் பூசானில் எங்கள் கள்ளச் சூதாட்ட அலுவலகத்தில் முதலாளியோடு சேர்த்துப் பத்துப் பேர். போலீஸ் கண்ணில் படாமல் இணைய நான் பார்த்துக்கொள்ளும் வி.பி.என். சர்வரிலும் ஒரே நேரத்தில் பத்தே இடம். கூட வாங்கச் சொன்னேன். முதலாளி குவாக் கேட்கவில்லை.

இன்று அவர் செல்போனையே சர்வர் உள்ளே விடவில்லை. ‘இடமில்லை’ என்றது.

"எவனோ போலீஸை உள்ள விட்டிருக்கான்!"

குவாக் கத்தினார். புதியவன் மியோங்கையும் என்னையும் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். பேஸ்பால் மட்டையால் மியோங்கை அடித்தார். அவன் கத்துவது நிற்கும்வரை அடித்தார்.

"சர்வர் பதிவைப் பாருடா. நம்ம இடத்துல உட்காந்திருக்கறது எவன்?"

பார்த்தேன்.

"நீங்கதாண்ணே. காலையில வீட்டு வைஃபையில நுழைஞ்சீங்க. வீட்டை விட்டு வெளிய வந்ததும் லைன் அறுந்திருக்கு. சர்வர் நீங்க இன்னும் உள்ளதான் இருக்கீங்கன்னு நினைக்குது."

மியோங்கிடம் மூச்சில்லை.

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லண்ணே. உங்ககிட்டதான் முதல்ல."

மட்டையை மறுபடி எடுத்தார்.

"அப்ப எட்டு இடமே போதும்."