பவானியின் கைகள்

உடம்பின் தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் அந்த நோய் அக்காள் தங்கை இருவருக்குமே இருந்தது. மூத்தவள் ரேணுகாவைத்தான் அது முதலில் பிடித்தது. மாடிப்படி ஏறுவது போயிற்று, எழுந்து நிற்பது போயிற்று, கடைசியில் கையைத் தோளுக்கு மேல் தூக்குவதும் போயிற்று. பவானிக்கு எல்லாமே சில வருடங்கள் தள்ளி வந்தன. அந்தச் சில வருடங்களைத்தான் ரேணுகாவால் மன்னிக்க முடியவில்லை.

காலையில் பவானி கண்ணாடி முன் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தூக்கித் தன் தலையைத் தானே வாரிப் பின்னிக்கொள்வாள். ரேணுகா சக்கர நாற்காலியிலிருந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அம்மாதான் வாரிவிட வேண்டும். அம்மா எப்போதும் அவசரமாக இழுத்துக் கட்டுவாள்.

இன்று பவானியின் கை காதுவரை போய் நின்றுவிட்டது. இன்னொரு கையால் முட்டுக் கொடுத்துப் பார்த்தாள். சீப்பு மடியில் விழுந்தது. ரேணுகாவுக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது.

"அக்கா," என்றாள் பவானி, கண்ணாடியைப் பார்த்தபடியே. "உனக்கு இப்படி ஆனப்போ என்ன பண்ணினே?"

முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு, தலையைச் சீப்புக்குக் குனிந்து கொடுக்க வேண்டும். அப்படித்தான் ரேணுகா மேலும் ஒரு வருடம் தானே வாரிக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு செய்ததால் அது வீட்டில் யாருக்கும் தெரியாது.

"ஒண்ணும் பண்ணல," என்றாள் ரேணுகா. "அம்மாவக் கூப்பிட்டேன்."

பவானி மடியில் கிடந்த சீப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா," என்று கூப்பிட்டாள்.