தாய்மாமன் தட்டில் ஒரு ரோபோ

இரண்டு டப்பாக்களையும் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணுசாமி அரை மணி நேரமாக அவற்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

இடதுபக்கம் இருந்தது முழு ரோபோ. கை, கால், தலை எல்லாம் கம்பெனியிலேயே பொருத்தி, கையில் ஒரு கத்தியும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவரை முறைத்துக்கொண்டு நின்றது.

வலதுபக்கம் இருந்ததும் ரோபோதான் என்றார் கடைக்காரர் நெய்னா முகம்மது. ஆனால் டப்பாவுக்குள் ரோபோ இல்லை. நூற்றுச் சொச்சம் துண்டுகள்தான் இருந்தன. வாங்கிப்போகிறவர்களே கோத்து ரோபோவை உண்டாக்கிக்கொள்ள வேண்டுமாம். சிங்கப்பூரிலிருந்து வந்த சரக்கு.

காசும் கொடுத்துவிட்டு வேலையையும் நாமே பார்ப்பது என்ன கணக்கு என்று கண்ணுசாமிக்கு விளங்கவில்லை. மன்னார்குடியில் இதைக்கூட வாங்க ஆள் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார்.

நாளைக்குத் தங்கச்சி அம்சவல்லியின் மகனுக்குக் காதுகுத்து. ஏழு வயதுப் பையன். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் கண்ணுசாமிதான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்தப் பையனை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. காதுகுத்துப் பத்திரிகையும் அவருக்கு வரவில்லை.

பெண்பிள்ளைக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று சர்க்கார் சட்டம் போட்டது. அம்சவல்லி கேட்டாள். தர முடியாது என்றார் அண்ணன். நாலு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து, ஒன்பது மா நிலத்தில் நாலரை மா அவளுக்குப் போனது. அளந்து கல் ஊன்றிய அன்றைக்கே நடுவில் வரப்புப் போட்டார் கண்ணுசாமி. மண்ணை வெட்டி வெட்டி அறைந்தார். அன்றோடு பேச்சு நின்றது. பையன் பிறந்தது அதற்குப் பிறகுதான்.

முந்தாநாள் டீக்கடையில் யாரோ காதுகுத்தைப் பற்றிச் சொன்னார்கள். கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்த வீட்டுத் தட்டு வராத காதுகுத்தில், புகுந்த வீட்டு ஜனங்களுக்கு நடுவே அவள் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பாள்? கூப்பிடாத வீடுதான். கூப்பிடவில்லை என்பதற்காகத் தங்கச்சி இல்லாமல் போய்விடுவாளா?

துணிமணி, பழம், கடுக்கன் எல்லாம் வாங்கியாயிற்று. பை காலடியில் இருந்தது. முன்பின் பார்த்திராத மாமன் மடியில் பையன் அழாமல் உட்கார வேண்டுமே, அதற்கு ஒரு பொம்மைதான் பாக்கி. பையனுக்கு ரோபோ என்றால் உயிராம். அதுவும் டீக்கடைச் சேதிதான்.

முழு ரோபோவைக் கையில் எடுத்தார். கத்தி கண்ணில் பட்டது. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அவர் அரிவாளைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி மாப்பிள்ளை முன்னால் போய் நின்றது ஊரறிந்த கதை. மனுஷன் இன்னும் கத்தியைத்தான் காட்டுகிறார் என்று சபையில் ஒருத்தர் சிரித்தால் போதும், எல்லாம் முடிந்தது.

கீழே வைத்துவிட்டார்.

மற்ற டப்பாவை எடுத்தார். நிலத்தைத்தான் துண்டு போட்டாயிற்று, பிள்ளைக்குக் கொடுக்கிற பொம்மையையுமா துண்டு துண்டாகக் கொடுப்பது? குத்திக் காட்டத்தான் அண்ணன் வந்திருக்கிறான் என்று அவள் நினைத்துவிட்டால்? ஜென்மத்துக்கும் அந்த வாசலை மிதிக்க முடியாது.

அதையும் வைத்துவிட்டார்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். நாற்றைப் பார்த்த மாத்திரத்தில் ரகம் சொல்கிற மனுஷன், இரண்டு பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு முன்னால் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

நெய்னா முகம்மது பொறுமைக்காரர். அதற்குள் நாலு பேருக்கு வியாபாரம் முடித்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

"எந்த ஊரு விசேஷம்ங்க?"

கண்ணுசாமி ஊரைச் சொன்னார். நாளைக்குக் காதுகுத்து என்றும் சொன்னார்.

"அட, அந்தக் காதுகுத்தா! அந்தப் புள்ளையோட அம்மா நேத்து இதே எடத்துல நின்னாங்க. தாய்மாமன் தட்டுல வைக்கிற சாமான் பூரா அவங்களே வாங்குனாங்க. எங்க அண்ணன் குடுத்ததா சபையில வைக்கணும் பாய், அவரு பாத்து எடுத்த மாதிரியே குடுங்கன்னாங்க. அவங்க அண்ணன் எப்படிப் பாத்து எடுப்பாருன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

கண்ணுசாமிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பத்திரிகை அனுப்பாதவள், அண்ணன் பேரில் தட்டு வைக்கிறாளா? தன் மானத்துக்காகவா, அவர் மானத்துக்காகவா? தனக்கு வந்தது சந்தோஷமா வெட்கமா என்று பிரித்துச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

"ரெண்டுல எதைங்க எடுத்தாங்க?" என்று கேட்டார். தங்கச்சி என்று சொல்ல வாய் வரவில்லை.

நெய்னா முகம்மது வலதுபக்க டப்பாவைத் தட்டிக் காட்டினார்.

"துண்டு துண்டாத்தாம்மா இருக்கும், புள்ளைக்குக் கோக்க வராதுன்னு சொன்னேன். பரவால்ல பாய், எங்க அண்ணன் வந்தாருன்னா கூட உக்காந்து கோத்துக் குடுப்பாருன்னாங்க."

கண்ணுசாமி மேல்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். பிறகு, அதைக் கோக்க என்னென்ன வேண்டும் என்று விசாரித்தார்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம், துண்டுகளை அவை ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து நறுக்கி எடுக்க ஒரு நகவெட்டி போதும் என்றார் கடைக்காரர்.

ஒரு நகவெட்டியை மட்டும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணுசாமி பஸ் ஏறப் போனார்.